கம்பெனி வரி பிடிக்கவில்லை என்றால் வரியே இல்லை என்று அர்த்தமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்குக் கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. 2025–26 நிதியாண்டில் மொத்தச் சம்பளம் 12,40,000 ரூபாய். கம்பெனி ஒரு ரூபாய்கூட வரி பிடிக்கவில்லை. இது போக, திருச்சியில் கடன் போட்டு வாங்கிய வீட்டிலிருந்து மாதம் 12,000 வாடகை வருகிறது. இரண்டு வங்கிகளில் எஃப்டி, சேமிப்புக் கணக்கு வட்டி, கொஞ்சம் டிவிடெண்ட் எல்லாம் சேர்த்து 84,000. வெளியே ஒரு நிறுவனத்துக்குப் பகுதி நேரமாக மென்பொருள் ஆலோசனை செய்துகொடுத்ததில் 1,80,000. மூன்று வருடமாக வைத்திருந்த பங்குசார் மியூச்சுவல் ஃபண்டை விற்றதில் 1,65,000 லாபம், சில மாதமே வைத்திருந்த பங்குகளை விற்றதில் 20,000 லாபம். "12 லட்சம் வரை வரி இல்லை என்கிறார்கள். வங்கியும் அந்த நிறுவனமும் ஏற்கெனவே 10% பிடித்துவிட்டார்கள். இன்னும் நான் கட்ட வேண்டியது ஏதாவது இருக்கிறதா?" என்பது கேள்வி.

இருக்கிறது. கிட்டத்தட்ட 70,000 ரூபாய், வட்டி தனி. எப்படி என்று பார்க்கலாம்.

பலரும் நினைப்பது இதுதான்: சம்பளத்துக்குக் கம்பெனி பார்த்துக்கொண்டது, எஃப்டிக்கு வங்கி பார்த்துக்கொண்டது, ஆக ஒவ்வொரு வருமானத்துக்கும் அதனதன் வரி அங்கங்கே முடிந்துவிட்டது. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. வருமானம் ஒவ்வொன்றையும் அதனதன் விதிப்படி நிகரமாக்கி, பங்கு விற்ற லாபம் போன்ற சிலவற்றைத் தவிர எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைக்குத்தான் ஸ்லாப் (வருமானம் ஏற ஏற உயரும் வரி விகித அடுக்கு) போடுகிறது. டிடிஎஸ் என்பது அந்த வரிக்காக முன்கூட்டியே எடுத்து வைத்த தொகை, அவ்வளவுதான். அதைப் பிடிப்பவருக்கு உங்களுடைய மற்ற வருமானம் எதுவும் தெரியாது. வங்கிக்கு நீங்கள் எந்த ஸ்லாபில் இருக்கிறீர்கள் என்று தெரியாது, 10% பிடிக்கச் சொன்னார்கள், பிடிக்கிறது. உங்கள் கம்பெனிக்குத் தெரிந்தது 12,40,000 மட்டும். அதில் நிலையான கழிவு (சம்பளக்காரர்களுக்குச் செலவுக் கணக்கு கேட்காமல் கழிக்கும் தொகை) 75,000 போனால் 11,65,000. பன்னிரண்டு லட்சத்துக்குள் இருக்கிறது, எனவே வரி பூஜ்யம். கம்பெனி செய்தது சரிதான். அவர்கள் பார்த்த கணக்குதான் முழுக் கணக்கு இல்லை.

இந்த 12 லட்ச விஷயத்தில்தான் உங்கள் வழக்கின் முடிச்சே இருக்கிறது. வருமான வரிக்குப் பழையது, புதியது என்று இரண்டு முறைகள் உண்டு. புதிய வரி முறையில் வரியே இல்லாத வரம்பு 4 லட்சம்தான். அதற்கு மேல் 8 லட்சம் வரை 5%, 12 லட்சம் வரை 10%, 16 லட்சம் வரை 15%, 20 லட்சம் வரை 20%, 24 லட்சம் வரை 25%, அதற்கும் மேலே 30%. இந்தக் கணக்குப்படி 12 லட்சத்துக்கு 60,000 ரூபாய் வரி வருகிறது. மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாதவருக்கு அந்த 60,000-ஐ வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 87ஏ-யின் கீழ் தள்ளுபடி செய்கிறார்கள். வரம்பு வேறு, தள்ளுபடி வேறு. வரம்பு எல்லோருக்கும் உண்டு, ஒரு கோடி சம்பாதிப்பவருக்கும் முதல் 4 லட்சத்துக்கு வரி கிடையாது. தள்ளுபடி அப்படியில்லை. 12 லட்சம் என்ற கோட்டைத் தாண்டினால் தள்ளுபடி மொத்தமும் போய்விடும், 4 லட்சத்திலிருந்தே வரி எண்ணத் தொடங்கிவிடும்.

கோட்டைக் கொஞ்சமாகத் தாண்டியவர்களுக்கு ஒரு நிவாரணம் வைத்திருக்கிறார்கள். உங்களுக்குச் சம்பளத்தோடு 45,000 எஃப்டி வட்டி மட்டும் இருந்திருந்தால் மொத்தம் 12,10,000. ஸ்லாப்படி வரி 61,500. ஆனால் நீங்கள் கோட்டைத் தாண்டியது 10,000 ரூபாய்தான், எனவே வரியும் 10,000-க்கு மேல் போகக் கூடாது என்கிறது சட்டம். செஸ் (வரியின் மேல் போடும் 4% கூடுதல் வரி) சேர்த்து 10,400 கட்டினால் போதும். இந்த நிவாரணம் ஏறக்குறைய 12,70,000 வரைதான் உதவும், அதற்குப் பிறகு ஸ்லாப் வரியே குறைவாகிவிடும். நீங்கள் அதையும் தாண்டிவிட்டீர்கள்.

சரி, இனி ஒவ்வொரு வருமானமாக எடுப்போம்.

சம்பளத்தில் சொல்வதற்கு அதிகமில்லை. 12,40,000 கழித்தல் 75,000, ஆக 11,65,000. புதிய முறையில் வீட்டு வாடகைப்படிக்கு விலக்கு கிடையாது.

வீட்டு வாடகை கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டியது. ஆண்டு வாடகை 1,44,000. மாநகராட்சிக்கு நீங்கள் கட்டிய சொத்து வரி 4,000 என்று சொல்லியிருந்தீர்கள். அந்த ஆண்டுக்குள் உண்மையில் கட்டியிருந்தால்தான் கழிக்கலாம், பாக்கி வைத்திருந்தால் முடியாது. மிச்சம் 1,40,000. அதில் 30%, அதாவது 42,000, பராமரிப்புக்காகக் கேள்வி கேட்காமல் கழித்துவிடுகிறார்கள். நீங்கள் சுண்ணாம்பே அடிக்காவிட்டாலும் அந்த 30% உண்டு. கூரையையே மாற்றியிருந்தாலும் அதே 30%தான். மிச்சம் 98,000. இதிலிருந்து வீட்டுக் கடன் வட்டியைக் கழிக்கலாம். இஎம்ஐ முழுவதையும் இல்லை, வட்டிப் பகுதியை மட்டும். வங்கி தரும் ஆண்டுச் சான்றிதழில் அசலும் வட்டியும் பிரித்துப் போட்டிருக்கும். உங்கள் வட்டி 1,38,000. ஆக வீட்டுக் கணக்கில் 40,000 நஷ்டம்.

இந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாமா? பழைய வரி முறையில் கழிக்கலாம், 2 லட்சம் வரை. புதிய முறையில் முடியாது. வாடகைக்கு விட்ட வீட்டின் கடன் வட்டியை அந்த வாடகைக்கு எதிராகக் காட்டலாம், அது பூஜ்யமாகும் வரை பயன் உண்டு. அதற்கும் கீழே போகும் 40,000 சம்பளத்தையோ எஃப்டி வட்டியையோ தொட முடியாது. எனவே உங்கள் வீட்டு வருமானம் இங்கே பூஜ்யம். வீடு மனைவியின் பெயரிலும் சேர்ந்து இருந்து, அவரும் பணம் போட்டிருந்தால், வாடகையும் வட்டியும் பங்குக்கேற்பப் பிரியும். உங்களுக்கு அது இல்லை.

அடுத்து வட்டி. முதல் வங்கியில் 58,000 வட்டி, அதில் 5,800 டிடிஎஸ் பிடித்திருக்கிறார்கள். இரண்டாவது வங்கியில் 17,000, பிடிக்கவில்லை. சேமிப்புக் கணக்கு வட்டி 5,000, டிவிடெண்ட் 4,000. மூத்த குடிமக்கள் அல்லாதவர்களுக்கு ஒரு வங்கியில் எஃப்டி வட்டி ஆண்டுக்கு 50,000 தாண்டினால்தான் டிடிஎஸ் (2025 ஏப்ரலுக்கு முன் இது 40,000). இரண்டாவது வங்கி பிடிக்காததற்குக் காரணம் அதுதான். பிடிக்கவில்லை என்பதால் 17,000-க்கு வரி இல்லை என்று ஆகிவிடாது. வரம்பு வங்கிக்குத்தான், உங்களுக்கு இல்லை. புதிய முறையில் சேமிப்புக் கணக்கு வட்டிக்கான 10,000 ரூபாய் கழிவும் கிடையாது. ஆக 84,000 முழுசாகச் சேரும்.

எஃப்டியில் இன்னொன்று. வட்டியை முதிர்வின்போது மொத்தமாக வாங்கும் திட்டமாக இருந்தாலும், வங்கி ஒவ்வொரு ஆண்டும் சேர்ந்த வட்டியைக் கணக்கிட்டு டிடிஎஸ் பிடித்து வருமான வரித் துறைக்குச் சொல்லிவிடுகிறது. "கைக்கு வரும்போது காட்டிக்கொள்கிறேன்" என்று விட்டால், ஐந்து வருட வட்டியும் ஒரே வருடத்தில் வந்து விழுந்து ஸ்லாபை ஏற்றிவிடும், இடையில் பிடித்த டிடிஎஸ்ஸைக் கேட்டு வாங்குவதும் சிக்கலாகும். ஆண்டுக்கு ஆண்டு காட்டிவிடுவதே நல்லது. அப்புறம், வரியைக் குறைக்க மனைவி பெயரில் எஃப்டி போடும் பழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. பணம் உங்களுடையது என்றால் அந்த வட்டியும் உங்கள் வருமானத்தில்தான் சேரும். அவருடைய சொந்தச் சம்பாத்தியமாகவோ, பெற்றோர் கொடுத்த பணமாகவோ இருந்தால் அது அவருடைய வருமானம்.

பகுதி நேர வேலைக்கு வருவோம். கம்பெனி ஒப்பந்தம் அதை அனுமதிக்கிறதா என்பது உங்களுக்கும் கம்பெனிக்கும் இடையிலான விஷயம், வரிச் சட்டம் அதில் தலையிடாது. 1,80,000 கொடுத்த நிறுவனம் 18,000 பிடித்துக்கொண்டு 1,62,000 கணக்கில் போட்டிருக்கிறது. வருமானமாக எடுக்க வேண்டியது 1,80,000-ஐ. கைக்கு வந்த 1,62,000-ஐ எழுதிவிட்டு, பிடித்த 18,000-ஐயும் திரும்பக் கேட்பவர்கள் இருக்கிறார்கள், துறையின் கணினி அதை உடனே பிடித்துவிடும்.

இந்த 1,80,000 முழுவதும் லாபம் இல்லை. மடிக்கணினி, இணையம், மின்சாரம் என்று செலவு உண்டு. ரசீது சேர்த்துக் கணக்கு எழுத விருப்பமில்லாதவர்களுக்காகப் பிரிவு 44ஏடிஏ இருக்கிறது. பொறியியல், மருத்துவம், சட்டம், கணக்குத் தணிக்கை, தொழில்நுட்ப ஆலோசனை, தகவல் தொழில்நுட்பம் போன்ற குறிப்பிட்ட தொழில்களில் இருப்பவர்கள் வரவில் 50%-ஐ லாபமாகக் காட்டினால் போதும். ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ரொக்கமாக வாங்கியது 5%-க்கு மேல் இல்லையென்றால் 75 லட்சம் வரை. உங்கள் லாபம் 90,000. பாதியைக் கழித்த பிறகு மடிக்கணினிச் செலவை மறுபடியும் தனியாகக் கழிக்க முடியாது, அந்தப் பாதியிலேயே எல்லாம் அடக்கம். உண்மையில் செலவு பாதிக்கு மேல் ஆனது என்றால் கணக்குப் புத்தகம் எழுதி, தணிக்கையும் செய்ய வேண்டி வரும். இவ்வளவு சின்னத் தொகைக்கு அது ஆடிட்டர் கட்டணத்துக்குக்கூடக் காணாது.

டியூஷன், யூடியூப், ஆன்லைன் வியாபாரம் என்று வருமானம் வருபவர்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு 44ஏடிஏ-வில் போட்டுவிடக் கூடாது. அந்தப் பட்டியலில் இருக்கும் தொழிலுக்கு மட்டும்தான் அது. வியாபாரத்துக்கு 44ஏடி என்று வேறொன்று இருக்கிறது: வங்கி வழி வரவில் 6%, ரொக்கத்தில் 8%. பங்குச் சந்தையில் எஃப்&ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகம்) செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது மூலதன ஆதாயம் (பங்கு, ஃபண்ட் போன்ற சொத்தை விற்ற லாபம்) அல்ல, தொழில் வருமானம். அதன் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது, ஆனால் கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டால் 8 ஆண்டுகள் வரை முன்னே கொண்டுபோகலாம்.

இதுவரை ஸ்லாபுக்குள் வருபவை: சம்பளம் 11,65,000, வீடு 0, தொழில் 90,000, வட்டி முதலியவை 84,000. கூட்டினால் 13,39,000.

மூலதன ஆதாயம் இந்த ஸ்லாபுக்குள் வராது. அதற்குத் தனி விகிதம். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கு, பங்குசார் ஃபண்ட் என்றால், எல்லாவற்றின் லாபத்தையும் சேர்த்து ஆண்டுக்கு 1,25,000 வரை வரி இல்லை, மிச்சத்துக்கு 12.5%. உங்களுக்கு 1,65,000 லாபம், 40,000-க்கு வரி, அது 5,000 ரூபாய். ஓராண்டுக்குள் விற்ற பங்குக்கு 20%, 20,000-க்கு 4,000. இந்த விகிதங்கள் 2024 ஜூலை 23 முதல் நடப்பில் உள்ளவை. அதற்கு முன் 10%, 15% என்று இருந்தது, பழைய கட்டுரைகளைப் படித்துக் குழம்ப வேண்டாம். கடன்பத்திர ஃபண்டுகளை இதோடு சேர்க்கக் கூடாது. 2023 ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு வாங்கியது என்றால் எத்தனை வருடம் வைத்திருந்தாலும் அதன் லாபம் ஸ்லாபில்தான் சேரும். கிரிப்டோவுக்கு 30% தட்டையாக, அதில் வந்த நஷ்டத்தை எதிலும் கழிக்க முடியாது.

87ஏ தள்ளுபடியோடு மூலதன ஆதாயத்துக்கு இருக்கும் உறவு பலரைக் கடுப்பேற்றுகிறது, எனக்கும் அது நியாயமாகப் படவில்லை. 12 லட்சத்தைத் தாண்டினீர்களா என்று பார்க்கும்போது இந்த லாபத்தையும் மொத்த வருமானத்தில் சேர்த்து எண்ணுகிறார்கள். ஆனால் தாண்டாதபோது கிடைக்கும் தள்ளுபடி இந்தத் தனி விகித வரிக்குக் கிடையாது. அதாவது 11 லட்சம் சம்பள வருமானமும் 50,000 ரூபாய் குறுகிய காலப் பங்கு லாபமும் உள்ளவருக்கு, சம்பளத்துக்கு வரி பூஜ்யம், பங்கு லாபத்துக்கு 10,000 ரூபாயும் செஸ்ஸும் கட்டியே ஆக வேண்டும். மாறாக, வேறு வருமானம் 4 லட்சத்துக்கும் குறைவாக இருக்கும் உள்நாட்டுவாசி, அந்த 4 லட்ச வரம்பில் மிச்சம் இருப்பதை மூலதன ஆதாயத்தோடு ஈடுகட்டிக்கொள்ளலாம். வீட்டில் இருக்கும் அம்மா பெயரில் ஃபண்ட் விற்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனிக் கூட்டல்.

4 லட்சம் முதல் 8 லட்சம் வரை 5%: 20,000
8 லட்சம் முதல் 12 லட்சம் வரை 10%: 40,000
மிச்சம் 1,39,000-க்கு 15%: 20,850
நீண்ட கால ஆதாயத்துக்கு: 5,000
குறுகிய கால ஆதாயத்துக்கு: 4,000
மொத்தம்: 89,850
செஸ் 4%: 3,594
ஆக வரி: 93,444
பிடித்த டிடிஎஸ் (5,800 + 18,000): 23,800
கட்ட வேண்டியது: 69,644

ஸ்லாபில் சேர்ந்த மற்ற வருமானம் 1,74,000தான். அதற்கு மட்டும் 80,850 ரூபாய் வரியா என்று தலை சுற்றும். அந்த 1,74,000-க்கான வரி மட்டும் இதில் இல்லை. அது உள்ளே வந்ததால், சம்பளத்துக்குக் கிடைத்திருந்த தள்ளுபடியும் பறிபோனது, அதன் வரியும் சேர்ந்துதான் இந்தத் தொகை. சம்பளத்தை மட்டும் எடுத்தால் ஸ்லாபில் 56,500 வரி வருகிறது, தள்ளுபடியில் பூஜ்யமாகியிருந்தது. சம்பளம் 12 லட்சத்தை ஒட்டி இருப்பவர்கள்தான் மற்ற வருமானத்தில் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர்கள். 25 லட்சம் சம்பளக்காரருக்கு இந்தத் திடீர் அதிர்ச்சி கிடையாது, அவருக்குக் கூடுதல் வருமானத்துக்கு 30% என்று முன்பே தெரியும்.

பழைய முறைக்குப் போனால் குறையுமா என்று கேட்பீர்கள். பார்த்துவிடலாம். நிலையான கழிவு 50,000 போகச் சம்பளம் 11,90,000. வீட்டு நஷ்டம் 40,000-ஐக் கழிக்கலாம். தொழில் 90,000, வட்டி முதலியவை 84,000. ஆக 13,24,000. 80சி-யில் (பிஎஃப், ஆயுள் காப்பீடு போன்றவற்றுக்கான கழிவு) 1,50,000, மருத்துவக் காப்பீட்டுக்கு 20,000, சேமிப்புக் கணக்கு வட்டி 5,000 என்று 1,75,000 கழித்தால் 11,49,000. அங்கே 5 லட்சத்துக்கு மேல் 20%, 10 லட்சத்துக்கு மேல் 30%. ஸ்லாப் வரி 1,57,200, மூலதன ஆதாயத்துக்கு 9,000, செஸ் சேர்த்து 1,72,848. வீட்டு வாடகைப்படியில் 1,20,000 விலக்கு கிடைத்தாலும் 37,440தான் குறையும். புதிய முறையின் 93,444-க்குப் பக்கத்தில்கூட வரவில்லை. எனவே புதிய முறையிலேயே இருங்கள்.

முறையை மாற்றுவது பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். சம்பளம், வட்டி, வாடகை மட்டும் உள்ளவர் ஆண்டுதோறும் எந்த முறை லாபமோ அதை எடுக்கலாம். தொழில் வருமானம் என்று ஒன்று நுழைந்துவிட்டால் அந்தச் சுதந்திரம் போய்விடுகிறது. பழைய முறை வேண்டுமென்றால் ஃபார்ம் 10-ஐஇஏ-வைக் கெடுவுக்குள் தாக்கல் செய்ய வேண்டும், பிறகு புதிய முறைக்கு ஒரே ஒரு முறைதான் திரும்பி வர முடியும். 1,80,000 ரூபாய்ப் பகுதி நேர வேலைக்காக இந்தக் கதவு மூடிக்கொள்வதைப் பலர் கவனிப்பதில்லை.

இப்போது வட்டி. டிடிஎஸ் போக வரி 10,000 அல்லது அதற்கு மேல் வரும் என்றால், நிதியாண்டு முடியும் முன்பே அட்வான்ஸ் டாக்ஸ் கட்டியிருக்க வேண்டும். பொதுவாக ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 என்று நான்கு தவணை. 44ஏடிஏ-வில் காட்டுபவருக்கு மார்ச் 15-க்குள் ஒரே தவணை போதும். மார்ச் 31 வரை கட்டியதும் அட்வான்ஸ் கணக்கில்தான் சேரும். நீங்கள் எதுவும் கட்டவில்லை. எனவே பிரிவு 234பி-யின் கீழ் ஏப்ரல் முதல் கட்டும் மாதம் வரை மாதம் 1%. ஜூலையில் கட்டினால் நான்கு மாதம், 69,600-க்கு 2,784. மார்ச் தவணையைத் தவறவிட்டதற்கு 234சி-யில் இன்னொரு 1%, 696. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 73,100. மாதத்தின் ஒரு நாள் தொட்டாலும் முழு மாத வட்டி, ஆகவே கட்டுவது என்று முடிவானால் மாத முதல் தேதிக்காகக் காத்திருக்காமல் முந்தைய மாதத்திலேயே கட்டிவிடுங்கள். தொழில் வருமானம் இல்லாத, 60 வயதைக் கடந்தவர்களுக்கு அட்வான்ஸ் டாக்ஸ் தொல்லை கிடையாது.

கட்டும்போது ஆண்டைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2025–26-இல் சம்பாதித்ததற்கு மதிப்பீட்டு ஆண்டு (சம்பாதித்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) 2026–27. ஆனால் 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது, அதில் மதிப்பீட்டு ஆண்டு என்பதே இல்லை, வரி ஆண்டு மட்டும். வரி ஆண்டு 2026–27 என்றால் 2026 ஏப்ரல் முதல் 2027 மார்ச் வரை சம்பாதிப்பதற்கு. இரண்டும் "2026–27" என்றே தெரியும். உங்களுடையது பழைய 1961 சட்டத்தின் மதிப்பீட்டு ஆண்டு. மாற்றிக் கட்டினால் பணம் எங்கும் போய்விடாது, திருத்த அலைய வேண்டியிருக்கும். நான் இங்கே சொன்ன பிரிவு எண்களும் பழைய சட்டத்தினுடையவை, அடுத்த ஆண்டுக் கணக்குக்கு எண்கள் மாறியிருக்கும்.

ரிட்டர்ன் போடும் முன் வருமான வரி இணையதளத்தில் ஏஐஎஸ் அறிக்கையை இறக்கிப் பாருங்கள். வங்கி வட்டி, டிவிடெண்ட், ஃபண்ட் விற்பனை எல்லாம் உங்கள் பான் எண்ணின் கீழ் அதில் இருக்கும். அதை அப்படியே நம்பவும் வேண்டாம், ஒரே வட்டி இரண்டு முறை வந்திருப்பதும் உண்டு. வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டு, தவறு இருந்தால் அங்கேயே மறுப்புப் பதிவு செய்யலாம். திருச்சி வீட்டு வாடகை பெரும்பாலும் அதில் இருக்காது. மாதம் 50,000-க்கு மேல் கொடுக்கும் வாடகைதாரர்தான் டிடிஎஸ் பிடிக்க வேண்டும், உங்கள் வாடகைதாரர் பிடித்திருக்க மாட்டார். அதில் இல்லாததைக் காட்ட வேண்டாம் என்று அர்த்தமில்லை. உங்களுக்கு வீட்டில் வரியே வரவில்லை என்றாலும் கணக்கைக் காட்டிவிடுங்கள்.

ஊரில் நிலம் இருக்கிறது, குத்தகை வருகிறது என்று கடைசி வரியில் போட்டிருந்தீர்கள், தொகை சொல்லவில்லை. விவசாய வருமானத்துக்கு வரி இல்லை, விவசாயம் நடக்கும் நிலத்தின் குத்தகையும் விவசாய வருமானம்தான். ஆனால் 5,000-க்கு மேல் இருந்தால் மற்ற வருமானத்தின் வரியை அது ஏற்றிவிடும். உதாரணத்துக்கு ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 13,39,000-வுடன் அதைக் கூட்டி 14,39,000-க்கு வரி போட வேண்டும்: 95,850. பிறகு வரம்பான 4 லட்சத்தோடு அதே ஒரு லட்சத்தைக் கூட்டி 5 லட்சத்துக்கு வரி: 5,000. இரண்டின் வித்தியாசம் 90,850. முன்பு 80,850 இருந்தது. ஆக வரி இல்லாத வருமானம் உங்கள் வரியை 10,000 ரூபாய் கூட்டிவிட்டது. இதைப் பெரும்பாலானோர் காட்டுவதில்லை என்பது தெரிந்த கதை, ஆனால் கணக்கு இதுதான். உங்கள் குத்தகைத் தொகையை இந்த இடத்தில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆண்டு, அதாவது 2026–27-க்கு, உங்கள் எஃப்டி வட்டியையும் பகுதி நேர வருமானத்தையும் கம்பெனியின் சம்பளப் பிரிவிடம் சொல்லிவிட்டால், அவர்களே சம்பளத்திலிருந்து மாதாமாதம் கூடுதலாகப் பிடித்துக்கொள்வார்கள். பகுதி நேர வேலையைக் கம்பெனியிடம் சொல்ல முடியாத நிலை என்றால் வட்டியை மட்டும் சொல்லிவிட்டு, மிச்சத்தை மார்ச் 15-க்குள் நீங்களே கட்டிவிடலாம்.

படிவம் உங்களுக்கு ஐடிஆர்-3. சம்பளமும் வட்டியும் மட்டும் என்றால் ஐடிஆர்-1, மூலதன ஆதாயம் சேர்ந்தால் பெரும்பாலும் ஐடிஆர்-2, 44ஏடிஏ மட்டும் என்றால் ஐடிஆர்-4. உங்களிடம் தொழில் வருமானமும் குறுகிய கால ஆதாயமும் சேர்ந்தே இருப்பதால் நான்காவது எளிய படிவம் செல்லாது. ஐடிஆர்-3 பார்க்க மிரட்டும் நீளத்தில் இருக்கும், அதில் பெரும்பகுதி உங்களுக்கு வெற்று. முதல் முறை என்றால் ஒரு ஆடிட்டரிடம் கொடுத்துப் போடச் சொல்லி, அவர் அனுப்பும் முன் மேலே உள்ள 93,444 வருகிறதா என்று பாருங்கள், குத்தகையைச் சேர்த்தால் அதற்கேற்பக் கூடும். அனுப்பிய பிறகு 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி வழியாகச் சரிபார்த்துவிட வேண்டும், அதைச் செய்யாத ரிட்டர்ன் போடாததற்குச் சமம்.